இன்செக்டரி சாவியைக் கேட்டு வருமுன்: ஆட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக் குழுவினருக்கு,

சென்ற வாரம் எங்கள் பிரிவுக்கு வந்த சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம். அதில் மூன்று முடிவுகள். கொசு வளர்ப்பகம், அதாவது நாங்கள் இன்செக்டரி என்று சொல்லும் இரண்டு அறைகள், இந்த நிதியாண்டோடு மூடப்படும். பூச்சி சேகரிப்பாளர் பணியிடங்கள் ஐந்தும், இருப்பவர்கள் ஓய்வுபெற்ற பிறகு நிரப்பப்பட மாட்டா. ஆறு கள ஊர்களில் மாதந்தோறும் நடந்துவரும் கொசுக் கணக்கெடுப்பு இனி "நோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டால் மட்டும்" நடக்கும். இத்தனைக்கும் காரணமாக ஒரே ஒரு வாக்கியம்: மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டதால் நிதியைப் புதிய தொழில்நுட்பங்களுக்குத் திருப்ப வேண்டியுள்ளது.

29 ஆண்டுகளாக இந்தப் பிரிவில் கொசுக்களோடு இருப்பவள் நான். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. என் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு "பெறப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைக்க என்னால் முடியவில்லை.

"குறைந்துவிட்டது" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கையில் 1963-இல் நாடு முழுக்கப் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். பதினேழு ஆயிரம் அல்ல, பதினேழு. வேலை முடிந்தது என்று கண்காணிப்பும் மருந்து தெளிப்பும் தளர்ந்தன. 1969-இல் மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நோய் பதிவானது. இந்தியாவில் 1965-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இருந்த எண்ணிக்கை 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டியது. 1930-களுக்குப் பிறகு உலகில் மலேரியா குறைந்து மீண்டும் தலையெடுத்த நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. 61 நாடுகளில் 75 நிகழ்வுகள். அவற்றில் 68-க்கு, முழுமையாகவோ ஓரளவுக்கோ, கட்டுப்பாட்டுப் பணிகளைத் தளர்த்தியதே காரணம். இதெல்லாம் குழுவில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்தும் அந்த வாக்கியம் எப்படி எழுதப்பட்டது என்பதே எனக்குப் புரியாதது. 2023-இல் உலகில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்து 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் கள ஊர்களில் அது இன்று இல்லை. ஆனால் அந்த ஊர்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு இருக்கிறது, அதற்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது, வேலைக்கு வெளியே போய்வரும் மனிதர்கள் இருக்கிறார்கள். இல்லாதது மலேரியா ஒட்டுண்ணி மட்டும். அதுவும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அந்த ஒட்டுண்ணியின் ஒரு வகையான விவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் தூங்கும். பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில் எனக்கு அது வந்தது. குணமாகி ஏழு மாதம் கழித்து, கள ஊர்ப் பக்கமே போகாதிருந்த நேரத்தில், அதே காய்ச்சல் மறுபடியும் என்னை எழுப்பியது.

இனி இன்செக்டரி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வாடை அடிக்கிற, வியர்க்கிற இரண்டு அறை. 27 டிகிரி வெப்பம், 75 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம், தட்டுகளில் நெளியும் புழு, கூண்டுகளில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. மின்கட்டணம் உங்கள் கணக்கு அதிகாரியின் கண்ணை உறுத்துவது எனக்குத் தெரியும். அங்கே நாங்கள் காப்பாற்றிவரும் இனங்களில் முக்கியமானது எந்தப் பூச்சிமருந்தையும் பார்த்திராத ஒரு பழைய கூட்டம். மருந்து பட்டால் உடனே சாகும் அப்பாவிக் கொசுக்கள். சுற்றறிக்கை தயாரித்தவர்களின் குறிப்பில் "பயன்பாடற்ற பழைய இனங்கள்" என்று இருப்பது இவற்றைத்தான்.

அவற்றின் பயன்பாடு என்ன என்று ஒரு நிகழ்வைக் கொண்டே சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கள ஊர்களில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து தெளித்த மூன்றாம் வாரமே வீடுகளில் கொசு இருப்பதாக எங்கள் ஆட்கள் சொன்னார்கள். பிடித்து வந்து சோதித்தோம். சோதனை எளியது: மருந்து தோய்த்த தாள் சுற்றிய குழாயில் இருபது இருபத்தைந்து பெண் கொசுக்களை ஒரு மணி நேரம் வைத்து, பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ண வேண்டும். 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழே போனால் கொசு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. எங்கள் குழாய்களில் பாதிக்குப் பாதி உயிரோடு சுவரில் உட்கார்ந்திருந்தன. முடிவை அனுப்பினேன். தெளிப்புக்குப் பொறுப்பான அதிகாரியிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: உங்கள் தாள் காலாவதியாகியிருக்கும். நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதே நாளில், அதே தாளில், எங்கள் அப்பாவிக் கொசுக்கள் ஒன்று விடாமல் செத்திருந்தன. தாளில் குறையில்லை, கொசு மாறிவிட்டது. அடுத்த சுற்றுக்கு மருந்தை மாற்றினார்கள். இன்செக்டரி இல்லாவிட்டால் அந்த ஒரு வரிக் கேள்வியோடு என் அறிக்கை குப்பைக்குப் போயிருக்கும், ஊர்களில் வேலை செய்யாத மருந்தை இன்னும் இரண்டு வருடம் அடித்திருப்பார்கள்.

"தேவைப்படும்போது மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம்" என்றும் ஓர் உறுப்பினர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையைத் தாளோடு உலர்த்தி வைத்தால் சில மாதம் தாங்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும். டெங்கு இத்தனை இடங்களுக்குப் பரவியதில் அந்த முட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அனாபிலிஸ் முட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காய்ந்தால் சில நாட்களில் முடிந்தது. பாக்டீரியாவைப்போல உறையவைத்து வேண்டும்போது எழுப்பிக்கொள்ளும் வழக்கமும் கொசு ஆய்வில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு மாற்றித்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

ஒரு கோடை இரவில் ஈரப்பதம் தரும் கருவி நின்றுபோய் ஓர் இனத்தை முழுக்க இழந்தோம். காவலருக்கு அதன் எச்சரிக்கை விளக்கைப் பற்றிச் சொல்லிவைக்காதது என் பிழை. அந்த இனத்தைத் திரும்ப உண்டாக்கப் பதினான்கு மாதம் ஆனது. காட்டிலிருந்து பிடித்துவரும் அனாபிலிஸ் பல, கூண்டுக்குள் கலவி செய்யாது. அந்தி வானத்தில் ஆண்கள் கூட்டமாகப் பறக்க வேண்டும். பெண் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வேண்டும். ஓரடிக் கூண்டில் அதற்கு எங்கே இடம்? ஆகவே பெண்ணை மயக்கி மல்லாத்தி, ஆணை ஊசிமுனையில் குத்தி, அதன் தலையைக் கிள்ளிவிட்டு, இரண்டையும் உருப்பெருக்கியின் கீழ் ஒட்டவைக்க வேண்டும். தலை போன பிறகும் ஆண் தன் வேலையைச் செய்யும். (பள்ளி மாணவர்கள் பார்வையிட வரும்போது இதை மட்டும் நான் விளக்குவதில்லை.) ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஜோடி என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். நிதியாண்டின் கடைசி நாளில் நீங்கள் அணைக்கச் சொல்லும் விளக்கைப் பிறகு ஒரு சுவிட்சால் போட்டுவிட முடியாது.

இந்த நுணுக்கங்களை எனக்குக் கற்றுத்தந்தவர் பேராசிரியர் அல்ல. நான் முனைவர் பட்டத்தோடு சேர்ந்தபோது எனக்குச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசு கண்ணுக்குத் தெரியாது. பூச்சி சேகரிப்பாளராக இருந்த ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். உடனே ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு நிழல் நீண்டது. வாயில் வைக்கும் உறிஞ்சுகுழாயை எவ்வளவு மெல்ல இழுக்க வேண்டும், கால் உடையாமல் எப்படி ஊதி விட வேண்டும் என்பதையும் அவர்தான் காட்டினார். எங்கள் கணக்கின் அலகே அவர்களுடைய உழைப்புதான்: ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு பிடிக்கிறார் என்பது. ஆள் மாறினால் கணக்கு மாறும். அதனால்தான் பயிற்சியும் தொடர்ச்சியும் தேவைப்படுகின்றன.

ஒரு நாள் விடியற்காலையில் கள ஊரிலிருந்து திரும்பியவர் சொன்னார்: "மேடம், செவுத்துல கணக்கு கொறையுதுன்னு சந்தோசப்படாதீங்க. ராத்திரி உள்ள வந்து கடிச்சிட்டு, விடியறதுக்குள்ள எந்திரிச்சி வெளிய போயிடுது. புதருலதான் உக்காந்திருக்கு." என் அட்டவணையில் வீட்டுக்குள் கொசு குறைந்திருந்தது, மருந்து வெற்றி என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் காட்டிய புதர்களில் தேடினோம். வயிறு நிறைய மனித இரத்தத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தன. சுவரில் அடித்த மருந்து, சுவரில் உட்காராத கொசுவை என்ன செய்யும்? அந்தக் கண்டறிதல் என் பெயரில் ஆய்விதழில் வந்தது. அண்ணனின் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், ஓட்டுநருக்கும் முன்னால். அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பணியிடப் பட்டியலில் "பத்தாம் வகுப்புத் தேர்ச்சி" என்று இருக்கும் இந்த ஐவரை நீக்கிவிடலாம் என்று எண்ணுமுன், ஃபல்லெரோனியை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஒரே வகை அனாபிலிஸ் எங்கும் இருக்க, சில இடங்களில் மட்டும் மலேரியா இருந்தது ஏன் என்று பெரிய பெரிய அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள். அதை அவிழ்க்க முதல் நூலைப் பிடித்தவர் இத்தாலியப் பொதுச் சுகாதாரத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற இந்த ஃபல்லெரோனிதான். கொசு வளர்த்துக்கொண்டிருந்த அவர், தாய்க்கொசுவைப் பொறுத்து முட்டைகளின் நிறமும் கோலமும் வேறுபடுவதைக் கவனித்து 1926-இல் எழுதினார். ஒரே இனம் என்று எண்ணியது உண்மையில் பல இனங்கள். அவற்றில் சில நோயைப் பரப்பும், சில பரப்பாது. அதுபோலவே நம் பக்கத்து அனாபிலிஸ் குலிசிஃபேசீஸிலும் A முதல் E வரை ஐந்து உடன்பிறப்பு இனங்கள் உண்டு. உருப்பெருக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரிக்க மரபணுச் சோதனை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சோதனைக் குழாய்க்குள் போடக் கொசு வேண்டுமே, அதைப் பிடித்து வருவது யார்?

அடுத்து, "நோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டால் மட்டும்" என்ற சொற்றொடர். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலில் ஒட்டுண்ணி முற்றி உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பத்துப் பன்னிரண்டு நாட்களாவது ஆகும். அது கடித்த மனிதருக்குக் காய்ச்சல் வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். அவர் மருத்துவமனைக்குப் போய், இரத்தம் பார்த்து, பதிவாகி, நீங்கள் அறிவித்து, நாங்கள் வண்டி ஏறும்போது அந்தக் கொசு செத்து வெகுநாள் ஆகியிருக்கும். அதைவிட மோசம், அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து கொசு பிடித்தால் அது அதிகமா, குறைவா, வழக்கமா என்று சொல்லப் பழைய கணக்கு இருக்காது. ஒரு முறை பதவி உயர்வுக் குழுவில் என்னைக் கேட்டார்கள்: இந்த ஆண்டு புதிதாக என்ன கண்டீர்கள்? இந்த ஆண்டும் எதுவும் மாறவில்லை என்று கண்டேன் என்றேன். சிரித்தார்கள். உயர்வு வர மூன்று ஆண்டு தாமதமானது. என்னிடம் படித்த பிள்ளைகளில் நால்வர், கொசுவைத் தொடாமல் கணினியில் செய்யும் ஆய்வுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்றோ இரண்டோ கட்டுரைதான் வரும் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

மாறவில்லை என்று வருடா வருடம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் மாறும்போது தெரியும். நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, தெற்காசியாவின் பழைய குடி. 2012-இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் 70,000-க்கு மேல். மாறாக இலங்கையைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சான்றிதழை மாட்டிவிட்டு அவர்கள் பூச்சிக் குழுக்களைக் கலைக்கவில்லை. அதே டிசம்பரில் மன்னாரில் இதே ஸ்டீபன்சியைக் கண்டுபிடித்தார்கள். நோய் வந்து தேடியதல்ல, வழக்கமான கண்காணிப்பில் கிடைத்தது. 1963-க்குப் பிறகு பட்ட சூட்டை அவர்கள் மறக்கவில்லை.

புதிய தொழில்நுட்பங்களுக்கு நான் எதிரி அல்ல. கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகாமல் தடுக்கும் ஓல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வெளிவிட்டு டெங்குவை 77 விழுக்காடு குறைத்த ஆய்வு 2021-இல் வந்தபோது இரவு முழுக்க அதைப் படித்தேன். அந்தக் கொசுக்கள் எங்கே வளர்ந்தன? இன்செக்டரியில். நீங்கள் நிதி ஒதுக்கும், நோய்ப் பரவலைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்கு வருகிறேன். மலேரியாவின் புகழ்பெற்ற மாதிரிகளில் ஒன்றுக்கு எண்கள் கொடுத்தது நைஜீரியாவின் கார்கியில் 1969 முதல் 1976 வரை நடந்த களப்பணி. அங்கே இரவிரவாக உட்கார்ந்து பிடித்த கொசுக்களே அந்தச் சமன்பாடுகளின் எண்கள்.

நிர்வாக முடிவு ஒன்று ஆய்வை எப்படித் தொடும் என்பதற்கு, மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ் கதையே போதும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். சில வாரங்களில் அவரை ராஜஸ்தான் பகுதியிலுள்ள கேர்வாராவுக்கு மாற்றினார்கள். அவருக்கு வேண்டிய நோயாளிகள் அங்கே இல்லை. மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாவை வைத்துத்தான், கொசு நோயைப் பரப்பும் வழியைக் காட்டி முடித்தார். மனிதர்களில் அனாபிலிஸ்தான் பரப்புகிறது என்று நிறுவியது இத்தாலியில் விலங்கியலாளர் கிராஸியும் அவர் தோழர்களும். மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்டவருக்கு அது வெறும் தாள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. கணக்கெடுப்பின் முதல் பதினேழு ஆண்டுகள் இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. மூன்று நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. கொசு வந்து உட்காரும்வரை கால்களை நீட்டிக்கொண்டு விடிய விடிய ஆள் உட்காரும் பழைய முறையை நாங்கள் இன்னும் முழுமையாகக் கைவிடவில்லை; அதை நிறுத்தச் சொன்னால் முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன். ஆறு ஊர்களை நான்காகக் குறைக்கலாம். வளர்ப்பு இனங்களில் இரண்டை வேறு ஆய்வகங்களும் வைத்திருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். செலவைக் குறைக்கும் பேச்சுக்கு நான் தயார். எங்களோடு பேசாமலேயே சுற்றறிக்கை வந்தது என்பதுதான் என் புகாரில் பாதி.

ஆகவே கேட்கிறேன். மூடும் உத்தரவை ஓராண்டுக்கு நிறுத்திவையுங்கள். அதற்குள், மருந்தறியாத பழைய கூட்டத்தையும் வேறெங்கும் இல்லாத மற்ற இனங்களையும் இன்னொரு நிறுவனத்தில் நகலாக வளர்க்க எழுத்துப்பூர்வமான ஏற்பாடு செய்யுங்கள். அங்கே மூன்று தலைமுறை நிலைத்த பிறகே இங்கே விளக்கை அணைப்பதைப் பற்றிப் பேசலாம். பூச்சி சேகரிப்பாளர் பணியிடங்களில் மூன்றையாவது நிரந்தரமாக வைத்து, ஓய்வுபெறுபவரோடு புதியவர் ஓராண்டு சேர்ந்து வேலை பார்க்கும்படி இப்போதே ஆளெடுங்கள். நான்கு ஊர்களில் மாதக் கணக்கெடுப்பு தொடரட்டும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நோட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்ற இரண்டு பேரை ஆறு மாதத்துக்குத் தாருங்கள். ஆய்வாளர் மதிப்பீட்டில் நீண்டகாலத் தரவுக்குத் தனிப் புள்ளி வையுங்கள். களப் பணியாளர்களின் பெயரை ஆசிரியர் பட்டியலில் சேர்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். இதில் எதை ஏற்கவில்லையோ அதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு நாள் காலை ஆறு மணிக்கு இன்செக்டரிக்கு வாருங்கள். புழுவுக்குத் தீனி போடும் நேரம் அது. முழுக்கைச் சட்டை போதும். எங்கள் வளர்ப்புக் கொசுக்களிடம் மலேரியா இல்லை, பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
கொசு ஆய்வுப் பிரிவின் மூத்த ஆய்வாளர் ஒருவர்